மதிப்பெண் போடாத அறை

ஒன்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் மாணவர்களின் ஆன்மிகத் தேவைகளைக் கவனிக்கும் ஆன்மப் பணிப் பொறுப்புக்கு மாறினேன். சிற்றாலயத்தை ஒட்டிய சின்ன அறை ஒன்றையும் ஒரு சாவிக்கொத்தையும் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி என்ற பூசை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத் தயாரிப்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத் தியானம் என்று ஆண்டு அட்டவணையில் என் நாள்கள் குறிக்கப்பட்டிருந்தன. வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் ஆண்டும் கணக்கு வாத்தியாராகவே இருந்தேன். திருப்பலிக்கு எத்தனை பேர், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தவக்காலத்தில் ஒரு வகுப்பையே பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாக அனுப்பி வைத்தேன். உள்ளே போன ஒரு மாணவி உடனே திரும்பி வந்தாள். "என்ன சொல்றதுன்னே தெரியல சார். நீங்க அனுப்பினீங்கன்னுதான் போனேன்" என்றாள். மாலையில் அருட்தந்தையிடம் இதைச் சொன்னேன். "கதவத் திறந்து வைங்க சார், போதும். யாரையும் அனுப்பாதீங்க" என்றார்.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. இடைவேளைகளில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். முதலில் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வந்தார்கள். பிறகு பேச வந்தார்கள். தேர்வு பயம், மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாத அப்பா அம்மா, கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி. பள்ளியில் மாணவர்களைப் பார்க்கிற எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் அவர்களை அளக்கிறோம். நானும் ஒன்பது ஆண்டுகள் அளந்தவன்தான். அளக்காத ஓர் ஆள் அங்கே இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த அறைக்கு வந்த பிறகே புரிந்தது. ஆசிரியர்களும் வந்தார்கள், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், எம்மாவு என்ற ஊருக்குப் போகும் இரண்டு சீடர்களோடு உயிர்த்த இயேசு சேர்ந்து நடக்கிறார். வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். அவர்கள் துக்கத்தையெல்லாம் கொட்டி முடித்த பிறகே மறைநூலை விளக்குகிறார். இந்தப் பணிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கத்தோலிக்கன் அல்ல. அம்மா இறந்த பிறகு தினமும் மதிய இடைவேளையில் சிற்றாலயத்தின் கடைசி வரிசையில் வந்து உட்காருவான். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "நம்ம பிள்ளைங்களுக்கே நேரம் பத்தல, அவனுக்கு எதுக்கு சார்?" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் கேட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். நம் பள்ளிக்குள் வந்த பிள்ளை நம் பிள்ளைதான் என்றும் சொன்னேன்.

நவம்பர் வந்தது. இறந்தோரை நினைவுகூரும் மாதம் என்பதால் பீடத்தின் அருகே ஒரு நோட்டை வைப்போம். பிரிந்துபோனவர்களின் பெயரை யாரும் அதில் எழுதலாம். திருப்பலியில் அவர்களுக்காக மன்றாடுவோம். அவன் நோட்டின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

"நாங்க உங்க மதம் இல்ல சார். எழுதலாமா?"

பேனாவைக் கொடுத்தேன். அம்மாவின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினான்.

அந்த வாரத் திருப்பலியில் பெயர்களை வாசித்தபோது அவன் எழுந்து நின்றான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பையன்களும் எழுந்தார்கள். அப்புறம் அந்த வரிசை முழுவதும் எழுந்து நின்றது.