கான்ட்ராவுக்குக் காசு கொடுக்கலாமா?

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவியில் பழைய வீடியோ கேம் வாங்குவது தண்டச்செலவு என்கிறான் அக்கா மகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கான்ட்ரா என்ற சுடும் கேமை உருவாக்கிய கொனாமி கம்பெனி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா தொகுப்பில், காசு போட்டு ஆடும் 1987 ஆர்கேடு வடிவமும் இருக்கிறது, நாம் விளையாடிய நிண்டெண்டோ வடிவமும் இருக்கிறது. அந்த நிண்டெண்டோ வடிவத்தில் மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது, பிறகு பி, ஏ பட்டன்களை அழுத்தினால் 30 உயிர் இப்போதும் கிடைக்கும்!

பெரிய வரம், நடுவிலேயே சேவ் செய்துகொள்வது. மன்னார்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கடைசி ஸ்டேஜில் கரண்ட் போனால் அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து. அப்போது நம்மிடம் இருந்தது அசல் நிண்டெண்டோகூட இல்லை, அதன் நகல் பெட்டி. "9999999 இன் 1" கேசட்டில் அதே சில கேம்கள்தான் பெயர் மாறி மாறி வரும். வேலை செய்யாவிட்டால் ஊதிச் சொருகுவோம். (ஊதினால் கேசட்டின் உலோகப் பின்கள் கெட்டுவிடும் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. யார் கேட்டோம்?)

குறையும் உண்டு. டவுன்லோடு செய்து வாங்கும் கேமை, கேசட் மாதிரி நினைத்த ஆளுக்கு இரவல் தர முடியாது. கம்பெனி ஆன்லைன் கடையை மூடினால் புதிதாக வாங்கவும் முடியாது, 2023 மார்ச்சில் நிண்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ கடைகளுக்கு நடந்த மாதிரி. ஆஃபர் வரும்போதே வாங்கி இறக்கி வைத்துவிடுங்கள். அப்புறம், ரெண்டாவது கண்ட்ரோலர் அவசியம். கான்ட்ரா தனியாக ஆடுகிற கேம் இல்லை.