அறுந்த வால் எங்கே போகிறது?

சாஃப்ட் பிளாஸ்டிக் லூர், அதாவது தூண்டிலில் மாட்டும் புழு, சிறுமீன் வடிவச் செயற்கை இரை. அதன் பாக்கெட்டைப் பிரித்ததும் விரலில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பூண்டு, சோம்பு என்று வாசனைக்குச் சேர்த்தது அதில் கொஞ்சம். மீதி பிளாஸ்டிசைசர், பிளாஸ்டிக்கை இளக்கும் திரவம். தண்ணீருக்குள் இந்த லூர் செய்யும் வேலைகளில் பாதி அந்தப் பிசுக்கின் வேலை.

லூரின் மூலப்பொருளான பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதன் பொடியைத் திரவ பிளாஸ்டிசைசரில் கலக்கினால் பால் மாதிரி ஒரு குழம்பு வரும், பெயர் பிளாஸ்டிசால். அதை 170–175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் முதலில் கட்டிக் கூழாகி, பிறகு இளகித் தெளிந்து அச்சில் ஊற்றும் பதத்துக்கு வரும். ஆறினால் துவளும் புழு. 1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் வார்த்த பிளாஸ்டிக் புழுவிலிருந்து இன்றைய பேடில்டெய்ல் (துடுப்பு வால் கொண்ட மீன் வடிவ லூர்) வரை அடிப்படை வேதியியல் அதிகம் மாறவில்லை.

பிளாஸ்டிசைசர் பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, ஊறிப்போய் நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் கசியும். மலிவான பாலிஸ்டைரின் பெட்டியில் லூரைப் போட்டு வைத்தால் பெட்டி இளகிக் குழிவது இதனால்தான். ஜெர்மனியின் லைப்னிட்ஸ் நன்னீர் ஆய்வு நிறுவனம் 16 சாஃப்ட் லூர்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்ததில் 10 லூர்களிலிருந்து பிளாஸ்டிசைசர் தண்ணீரில் கலந்திருந்தது. சில லூர்கள் ஊறிய நீர், சோதனைக் குழாயில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டவும் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் தாலேட் எனும் பிளாஸ்டிசைசர் வகையில் நான்குக்கு நுகர்வோர் பொருட்களில் 0.1 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. பாக்கெட்டில் ‘தாலேட் இல்லை’ என்று இருந்தால் வாங்கலாம். ஆனால் அது கசிவு பற்றிய பேச்சு மட்டுமே. தாலேட் இல்லாத பிவிசியும் ஏரியின் அடியில் அப்படியேதான் கிடக்கும்.

எப்படிக் கிடக்கும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோவில் சார்ல்ஸ்டன் ஏரியில் செய்து 2014-ல் வெளியான ஆய்வு நல்ல பதில் தருகிறது. எட்டு வகை லூர்களை 4 டிகிரியிலும் 21 டிகிரியிலும் 2 ஆண்டுகள் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். சிதைவு ஏறக்குறைய இல்லை. உப்பிப் பெருத்து, எடையும் நீளமும் கூடி, அப்படியே நின்றன. கரையோரம் நீந்தி எண்ணிப் பார்த்ததில், ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஆண்டுக்கு 80 லூர் வரை சேரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். பிடித்த மீன்களில், லேக் டிரவுட்டில் 2.2 சதவீதத்தின் வயிற்றிலும், ஸ்மால்மவுத் பாஸில் 3.4 சதவீதத்தின் வயிற்றிலும் லூர் இருந்தது. தூண்டில்காரர்களைக் கேட்டதில் 17.9 சதவீதம் பேர் மீனை அறுக்கும்போது உள்ளே லூர் கண்டதாகச் சொன்னார்கள்.

2.2 என்றால் குறைவுதானே என்று தோன்றும். விழுங்கிய மீனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 38 புரூக் டிரவுட் மீன்களை வைத்துச் செய்த சோதனை 2009-ல் வெளியானது. தூண்டில் முள்ளும் இல்லை, தூண்டில் நரம்பும் இல்லை, யாரும் ஆட்டவும் இல்லை. தொட்டியில் சும்மா போட்ட லூரை 63 சதவீத மீன்கள் தாமாகவே தின்றன. 12 சதவீத மீன்களின் வயிற்றில் 13 வாரம் கழித்தும் லூர் இருந்தது, கக்கவில்லை. தின்றவை எடை இழந்தன, 90 நாளுக்குள் இரை எடுப்பதும் குறைந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்புக்கு ஒன்றும் சேரவில்லை. லூரில் உப்பும் வாசனையும் சேர்ப்பதே மீன் வாயிலிருந்து துப்பாமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. அறுந்து விழுந்த பிறகும் அந்த வேலையை அது நிறுத்துவதில்லை.

அதே மெயினில் 2013-ல் ரப்பர் லூரையே தடை செய்ய ஒரு மசோதா வந்து, கடைசியில் ஆய்வு உத்தரவாக மாறியது. தடை வரவில்லை. ஜப்பானின் ஆஷினோகோ ஏரியிலோ புழு வகைக்குத் தடையே இருக்கிறது. தடை வேண்டுமா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். தூண்டில் ராடு கையில் இருப்பவர் நாளைக்கே குறைக்கக்கூடியது லூர் இழப்பை.

லூர் பெரும்பாலும் நரம்பு அறுந்து போவதில்லை, முள்ளிலிருந்து கிழிந்துதான் போகிறது. இதில் முதல் குற்றவாளி, புழுவை நடுவில் கோர்க்கும் வேக்கி ரிக் முறை. உப்பு நிறைந்த 5 அங்குலக் குச்சிப் புழுவின் நடுவில் முள்ளை நேராகக் குத்தினால் ஒன்றிரண்டு மீனுக்கு மேல் தாங்காது. உப்புத் துகள்களே பிவிசியின் இழுவலிமையைக் குறைத்துவிடுகின்றன. புழுவின் நடுவில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டி, முள்ளை ரிங்குக்கு அடியில் கோர்த்தால் அதே புழு பல மீனுக்கு வரும். ரிங் கிடைக்காவிட்டால் எலக்ட்ரிகல் கடையில் விற்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் அரை அங்குலம் வெட்டி மாட்டலாம். சூடாக்கத் தேவையில்லை, புழுவைவிட ஒரு நூல் குறைந்த விட்டம் போதும்.

கொடுவாவுக்குப் போடும் பேடில்டெய்லில் தவறு வேறு இடத்தில் நடக்கிறது. ஜிக் ஹெட்டை (ஈயத் தலை வைத்த முள்ளை) லூரின் பக்கவாட்டில் வைத்து முள் வெளியே வரும் இடத்தை நகத்தால் குறித்துக்கொண்டு, மூக்கின் நட்டநடுவில் குத்தி, குறித்த இடத்தில் வெளியே எடுக்க வேண்டும். கண்ணளவில் குத்தினால் உடல் வளைந்து நிற்கும், சுற்றும், நரம்பு முறுக்கேறும். சரிசெய்ய இரண்டாவது, மூன்றாவது முறை குத்தும்போது மூக்கு தளர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வீச்சிலும் லூர் கீழே சரியும். சரியாகக் குத்தியதும் ஈயத் தலையின் பின்பக்கம் ஒரு சொட்டு ஜெல் வகை சூப்பர் க்ளூ விட்டு, லூரை மேலே தள்ளி 20 விநாடி பிடித்தால் போதும். க்ளூவை முதலிலேயே விட்டால் பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும்.

கழிமுகத்தில் பேத்தை மீன் கடிக்கத் தொடங்கினால் எந்த ஒட்டும் உதவாது. பிறை வடிவில் வாலை வெட்டி எடுத்துவிடும். ஒரு வால் போனதுமே இரும்பு ஜிக்குக்கோ கட்டை லூருக்கோ மாறுவது நல்லது. ‘இன்னும் ஒரு வீச்சு’ என்று போனால் பாக்கெட்டில் பாதி அங்கேயே தங்கிவிடும்.

விராலுக்குப் போடும், உள்ளே வெற்றிடமான தவளை வடிவ லூரில் முள் குத்திய துளை வழியாகத் தண்ணீர் ஏறும். ஒவ்வொரு வீச்சுக்கும் பிழியாவிட்டால் மூழ்கி, பாசியில் சிக்கி, நரம்போடு போய்விடும். துளையைச் சுற்றி காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும் க்ளூ ஒரு வளையம் பூசினால் நீர் ஏறுவது மட்டுப்படும்.

பிவிசிக்கு மாற்று என்று சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று டிபிஇ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், இஸட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் இந்த வகை. பல மடங்கு இழுபடும், சுலபத்தில் கிழியாது, மிதக்கும். ஆனால் மக்காது. பிவிசி லூரோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிவிடும், மீன்பிடிக்கப் போகுமுன்பே குப்பை. அதனதன் உறையிலேயே வைக்க வேண்டும். இன்னொன்று பெர்க்லியின் கல்ப் போல நீர் அடிப்படையிலான, மக்கக்கூடிய வகை. பெர்க்லியே விற்கும் பவர்பெய்ட் புழு வேறு, அது பிவிசி. கல்ப்பை முள்ளில் விட்டு வெயிலில் வைத்தால் கல் மாதிரி இறுகி, கத்தி போட்டுத்தான் சுரண்ட வேண்டும். மேலும் ‘மக்கும்’ என்ற சொல் எங்கே, எத்தனை நாளில் என்று சொல்வதில்லை. உரக்குழிச் சூட்டில் மக்குவது குளிர்ந்த சேற்றில் அதே வேகத்தில் மக்காது. எங்கள் கணக்கில், பத்து மீனுக்குத் தாங்கி வீடு திரும்பும் டிபிஇ, ஒரு மீனுக்குக் கிழிந்து விழும் மக்கும் புழுவைவிட மேல். ஆனால் அறுந்து போகும் டிபிஇ இரண்டைவிடவும் மோசம், எனவே பாறை அதிகமுள்ள இடத்தில் அதைப் போடாதீர்கள்.

கிழிந்ததைக் குப்பையில் போட்டு எரிப்பது நம் ஊர் வழக்கம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் வரும், எரிக்கவே கூடாது. ஒரு ஜிப் பையில் சேர்த்து வந்து மீண்டும் வார்க்கலாம். முதலில் நல்ல தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பிரியுங்கள். டிபிஇ மிதக்கும், பிவிசி பெரும்பாலும் மூழ்கும். முள், ரிங் எல்லாம் எடுத்து, கழுவி, குறைந்தது இரண்டு நாள் உலர்த்த வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் 170 டிகிரியில் ஆவியாகிச் சூடான பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்க வைக்கும். சமையலுக்கு இனி பயன்படுத்தாத மைக்ரோவேவில், வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குவளையில், 30 விநாடி சூடு, கிளறல், மறுபடி 30 விநாடி. வெப்பமானி கட்டாயம். மஞ்சளித்துக் காரநெடி வந்தால் கருகத் தொடங்கிவிட்டது, நிறுத்துங்கள். திறந்தவெளியில், அமில வாயுவுக்கான வடிகட்டி முகமூடியோடு செய்ய வேண்டும், துணி மாஸ்க் வீண். ஒவ்வொரு உருக்கலிலும் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் போய்விடும் என்பதால் சில சொட்டு சாஃப்ட்னர் (இளக்கும் திரவம்) சேர்க்காவிட்டால் புழு விறைக்கும். உப்புப் புழுவை உருக்கினால் உப்பு அடியில் தங்கும், ஊற்றும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் தட்டையான தட்டில் நீரில் நேராகக் கிடத்துங்கள், வளைந்து ஆறினால் வளைந்தே நிற்கும்.

பல நிறம் கலப்பதால் புழு சேற்று நிறத்தில்தான் வரும். கருப்புச் சாயம் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் விராலுக்கு அது ஒரு குறையும் இல்லை.