காலித் தொட்டிதான் ஆபத்து

மலேசியாவின் பினாங்கில், சலவைத் தொழிலாளர் குடியிருப்பான டோபி காட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில், ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்பு டீசல் தொட்டி ஒன்று செங்கல் மேடைமேல் கிடந்தது. அப்பா சலவைத் தொழில் நடத்திய காலத்தில் வெந்நீர் காய்ச்சும் பர்னருக்கு அதிலிருந்துதான் டீசல் போகும். தொழில் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மழைக்காலத்தில் தொட்டியின் அடிப்பக்க வெல்டிங் ஓரத்தில் எண்ணெய் கசிவதை அம்மா கவனித்தார். பின்புறச் சாக்கடை ஆயர் ஈத்தாம் ஆற்றுக்குத்தான் போகிறது. அது சுங்கை பினாங்கு என்னும் ஆற்றில் கலக்கிறது. எங்கள் முன்னோர் துணி துவைத்துப் பிழைத்த ஆறு அது. அதில் டீசல் இறங்க விடுவதில்லை என்று அண்ணனும் நானும் உறுதியாக இருந்தோம். கசிவுக்குக் கீழே வாளி வைத்து, சுற்றிலும் மணலைக் குவித்துவிட்டு ஆள் தேடினோம்.

முதலில் வந்த பழைய இரும்பு வியாபாரி தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "காலிதானே தம்பி, இப்போதே கேஸ் வைத்து நாலு துண்டாக்கி லோரியில் ஏற்றிவிடுகிறேன்" என்றார். நல்ல விலையும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றிக்கொள்ளாது. ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். அதனாலேயே அதை அலட்சியமாக நினைக்கிறார்கள். கேஸ் சுடர் தகட்டைச் சூடாக்கியதும் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். நிறைந்த தொட்டியில் அந்தக் கலவைக்கு இடமே கிடையாது. காலித் தொட்டி முழுவதும் அதற்கு இடம். வெடிப்பதற்குக் காற்றில் ஒரு விழுக்காடு ஆவிகூடத் தேவையில்லை. பழைய டிரம்மை வெட்டப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற கழிவு அகற்றும் நிறுவனம் ஒன்றை அண்ணன் கண்டுபிடித்தார். உரிமத்தின் நகலைப் பார்த்த பிறகே நாள் குறித்தோம். அபாயகரமான கழிவுகளைப் பட்டியலிடும் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எண்ணெய்க் கசடும் இடம்பெற்றிருக்கிறது. அதைச் சாதாரணக் குப்பையோடு போட முடியாது.

வந்தவர்கள் முதலில் பர்னருக்குப் போகும் செப்புக் குழாயை மூடிக் கழற்றினார்கள். பிறகு அப்பாவின் மூங்கில் அளவுகோலையே மேல்வாயில் விட்டுப் பார்த்தார்கள். நூறு லிட்டருக்கு ஒரு வெட்டு என்று அவர் கத்தியால் கீறி வைத்திருந்த கோல் அது. முதல் வெட்டுக்கும் கீழேதான் ஈரம். ஆனால் நுனியில் ஒட்டி வந்தது டீசல் அல்ல, ஜவ்வாகத் தொங்கும் கறுப்புக் கசடு. இரவுக் குளிரில் உள்சுவரில் வேர்க்கும் நீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தொட்டி உள்ளிருந்து துருப்பிடித்ததும் அதனால்தான் என்று மேற்பார்வையாளர் விளக்கினார்.

கசடை உறிஞ்சி டிரம்மில் அடைத்தார்கள். யாரையும் உள்ளே இறக்காமல், வெளியிலிருந்தே நீண்ட குழாயால் சோப்பு நீர் பீய்ச்சிக் கழுவினார்கள். அந்தக் கழுவுநீரையும் சாக்கடையில் விடாமல் டிரம்மில் பிடித்தது எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்து ஆவியளக்கும் கருவியை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் வைத்துப் பார்த்தார்கள். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் அடிமட்ட அளவுதான் முக்கியம். மூன்றிலும் பூஜ்யம் காட்டிய பின்னும் கேஸைத் தொடவில்லை. தீப்பொறி பறக்காத கத்தரிக் கருவியால் தகட்டை வெட்டி எடுத்தார்கள். மேடைக்குக் கீழே கறுத்துப்போன மண்ணையும் வழித்துச் சென்றார்கள்.

இதற்கான செலவு, இரும்பு விற்றுக் கிடைத்த பணத்தைவிடப் பல மடங்கு அதிகம். நான் வருந்தவில்லை. விலை கேட்கும்போது கசடும் கழுவுநீரும் அதில் அடங்குமா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். குறைந்த விலை சொன்ன ஒருவர் வெறும் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் ஒப்படைப்புச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.