ஒரே மருந்து, இரண்டு பெயர்

அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என நாலும் உண்டு. பார்ப்பது மூன்று டாக்டர்கள். மாதாமாதம் சீட்டுகளை நீட்டுவேன், பை நிறைய மருந்து வரும், பில்லைப் பார்த்து இரண்டு நாள் புலம்புவேன். என் பங்கு அவ்வளவுதான். பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

போன வருடம் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்ந்தது. செருப்பைக்கூட ஓர் அளவு பெரிதாக வாங்கினோம். அந்த மாதப் பில்லோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பின்பக்க வெள்ளித்தாளில் வெளிச்சம் பட்டால் கண் கூசும், படாவிட்டால் எழுத்தே தெரியாது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். இரண்டு அட்டைகளில் பிய்த்த இடத்தோடு பாதிப் பெயர் போயிருந்தது. மருந்து, மில்லிகிராம், எதற்கு, யார் எழுதியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தபோது அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து இரண்டு தடவை வந்தது. ஒன்று தனி மாத்திரை, 5 மில்லிகிராம். இன்னொரு 5, டெல்மிசார்ட்டன் என்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருந்தது. ஒரு டாக்டர் ஒன்றை எழுத, இன்னொருவர் மற்றதை எழுதியிருக்கிறார். இருவரிடமும் முழுப் பட்டியலைக் காட்டாதது நான்தான்.

கால் வீக்கம் அம்லோடிபினுக்குப் பேர்போன பக்கவிளைவு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். ஆக, ஒரே மருந்தை இரண்டு விலை கொடுத்து வாங்கி, அதனால் வந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒன்றும் வாங்கிக்கொண்டிருந்தோம். நல்லவேளை, நானாக எதையும் நிறுத்தவில்லை. தாளைப் பார்த்த டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தனி மாத்திரையைப் பேனாவால் அடித்தார். இரண்டு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதிவரச் சொன்னார். அதற்குப் பிறகு நீர் மாத்திரையும் போனது.

சூட்டோடு சூடாக, விலை குறைந்த கம்பெனி மருந்துக்கு மாறலாமா என்றும் கேட்டுவிட்டேன். கொழுப்புக்கான அடோர்வாஸ்டாட்டின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இரண்டும் காப்புரிமைப் பிடியில் இல்லாத பழைய மருந்துகள், பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. சீட்டில் மருந்தின் பெயரையே எழுதிக்கொடுத்தார். மெட்ஃபார்மின் மட்டும் மெதுவாகக் கரையும் வகைதானா என்று பார்த்து வாங்கச் சொன்னார். தைராய்டு மாத்திரையைத் தொடவிடவில்லை. லெவோதைராக்சினில் சின்ன வித்தியாசம்கூட உடம்பில் தெரியுமாம். கம்பெனி மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். "மிச்சம் பிடிச்சது அந்த டெஸ்டுக்கே போயிடும்" என்று சிரித்தார்.

சர்க்கரைக்கு ஊசியாகப் போடும் இன்சுலின் பேனா விலைதான் அசையவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவினர் 1923-ல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். பேனா வாங்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து எரிச்சலைக் கிளப்புகிறது.

மற்றபடி, பில் இப்போது பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அந்தத் தாளை நாலாக மடித்து அம்மாவின் பையில் வைத்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதுதான் மேஜைக்கு வரும். பெரிய செருப்பு லொடலொடவென்று கழல்கிறதாம். "இதையும் அந்தப் பில்லுல சேர்த்துக்கோ" என்கிறாள் அம்மா.