ஆம்ப்ளிஃபையரின் திரிபைக் குறைந்த பெருக்கல்களில் திருத்துவது எப்படி?

சராசரியாக 10 வாட் வெளியே தரும் ஒரு பேஸ் ஸ்டேஷன் (செல்போன் கோபுரம்) பவர் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். திரிபு, அதாவது சிக்னலின் உருவம் மாறுவது, வந்துவிடக் கூடாதே என்று கிளாஸ் ஏபி வகை ஒன்றை உச்சத்திலிருந்து வெகுவாகக் கீழே இறக்கி ஓட்டினால் திறன் 15 சதவீதம் அளவிலேயே நின்றுவிடும். அதாவது 67 வாட் வாங்கி 10 வாட் கொடுக்கும். மீதி 57 வாட்டும் ஹீட் சிங்க்கைச் சுட வைக்கத்தான். அதே 10 வாட்டைக் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் போட்ட டோஹர்ட்டி ஆம்ப்ளிஃபையரில் 45 சதவீதத் திறனோடு எடுத்தால் 22 வாட் போதும். மிச்சம் 45 வாட். ஆனால் அந்தச் சுற்று தன்னிடம் வரும் சிக்னலை வளைத்துத்தான் அனுப்பும். வளைவைச் சரிசெய்வது, சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்பும் டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன், சுருக்கமாக டிபிடி.

64 ஆன்டெனா வைத்த 5ஜி ரேடியோவில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் 3 முதல் 5 வாட்தான் தரும். அங்கே மிச்சமாவதும் அதற்கேற்பக் குறைவுதான். திருத்தும் சுற்றே அதைத் தின்றுவிட்டால் திருத்தியதில் பொருள் இல்லை. அந்தச் சுற்றில் ஒவ்வொரு பெருக்கலும் மின்சாரம் கேட்கும். அதனால் டிபிடி வேலை செய்கிறதா என்பதோடு, எத்தனை பெருக்கலில் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் திரிபின் உருவம். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) சிக்னல் உள்ளே போனால், மூன்றாம் படித் திரிபு அதை 60 மெகாஹெர்ட்ஸுக்கும் ஐந்தாம் படித் திரிபு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் பரப்பிவிடும். பக்கத்துச் சேனலில் கசிவது முதன்மைச் சேனலைவிட 45 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும் என்பது பேஸ் ஸ்டேஷனுக்கான விதி. திருத்தாத டோஹர்ட்டி 30 டெசிபல் பக்கத்தில் தடுமாறும். வீச்சு ஏற ஏற கெயின் (பெருக்கும் அளவு) மாறுகிறது, ஃபேஸும் (அலையின் கட்டம்) நகர்கிறது. போதாக்குறைக்கு, இப்போதைய வெளியீடு சற்று முன்னால் போன சாம்பிள்களையும் (சிக்னலின் அடுத்தடுத்த அளவீடுகள்) நினைவில் வைத்திருக்கிறது. 1936-இல் பெல் லேப்ஸில் வில்லியம் டோஹர்ட்டி இந்தச் சுற்றை வடிவமைத்தது வானொலி ஒலிபரப்புக்காக. பல பத்து மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னலை அதில் இன்று ஓட்ட முடிகிறதென்றால், முன்னால் நின்று சிக்னலை எதிர்ப்பக்கம் வளைத்துக் கொடுக்கும் டிஜிட்டல் பகுதிதான் காரணம்.

அந்தப் பகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆம்ப்ளிஃபையரால் தர முடியாத உச்சத்தை எந்தக் கணக்கும் வரவழைக்காது. செறிவு நிலை, அதாவது ஆம்ப்ளிஃபையர் தரக்கூடிய உச்சம், 48.5 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) என்று வையுங்கள். சராசரி 40 டிபிஎம், அதாவது அதே 10 வாட். எல்டிஇ சிக்னலின் உச்சம் சராசரியைவிட 10 டெசிபலுக்கு மேல் எகிறும், ஆகவே உச்சம் 50-ஐத் தாண்டிவிடும். டிபிடி அதை எட்டப் பார்த்து உள்ளீட்டை ஏற்றும், ஆம்ப்ளிஃபையர் இன்னும் அமுங்கும், அடுத்த சுற்றில் டிபிடி இன்னும் ஏற்றும். கெழுக்கள் (டிபிடியின் திருத்த எண்கள்) வெடித்து டிரான்சிஸ்டர் போவது இப்படித்தான். அதனால் டிபிடிக்கு முன்னால் உச்சத்தைத் தட்டிக் குறைக்கும் சிஎஃப்ஆர் பகுதி கட்டாயம். 7.5 டெசிபலுக்குக் குறைத்தால் உச்சம் 47.5 டிபிஎம், ஒரு டெசிபல் இடைவெளி கிடைக்கும். வரிசை மாறி, டிபிடிக்குப் பிறகு வெட்டினால், டிபிடி கஷ்டப்பட்டுச் சேர்த்த விரிவையே வெட்டி எறிந்ததாகிவிடும். டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டிஏசிக்கும் இடம் விடுங்கள்: உச்சத்துக்கு 7.5, டிபிடியின் விரிவுக்கு 3, பாதுகாப்புக்கு 2 என்று கூட்டினால் சராசரி முழு அளவிலிருந்து 12.5 டெசிபல் கீழே, அதாவது 13 என்று வைக்கலாம்.

இனி பெருக்கல் கணக்கு. வழக்கமான மெமரி பாலினாமியல் (பழைய சாம்பிள்களையும் சேர்த்த பல்லுறுப்புக் கோவை) மாதிரியில் வீச்சின் 0 முதல் 6 வரையான படிகளையும் 4 தாமத டேப்களையும் (இப்போதைய சாம்பிளும் அதற்கு முந்தைய மூன்றும்) எடுத்தால் மொத்தம் 28 கலப்பெண் கெழுக்கள். இதை ஒவ்வொரு சாம்பிளுக்கும் நேராகக் கணக்கிட்டால், ஒரு டேப்புக்குப் பல்லுறுப்புக் கோவைக்கு 12 பெருக்கல், அந்த விடையைச் சிக்னலோடு பெருக்க 4, ஆக 16. நான்கு டேப்புக்கு 64. வீச்சு கணக்கிடுவது இதில் சேரவில்லை.

இதே கோவையை வேறு கண்ணோடு பாருங்கள். ஒரு டேப்பில் உள்ள ஏழு உறுப்புகளும் ஒரே சாம்பிளின் வீச்சை மட்டுமே சார்ந்தவை. அப்படியென்றால் அவை ஏழும் சேர்ந்து வீச்சுக்கு ஒரு கலப்பெண் கெயின் தரும் ஒரே வளைகோடுதான். அந்த வளைகோட்டை முன்கூட்டியே கணக்கிட்டு 256 வரிசை உள்ள லுக்-அப் டேபிளில் எழுதி வைத்துவிடலாம். ஓடும் நேரத்தில் செய்ய வேண்டியது டேபிளைப் படிப்பது, இரண்டு வரிசைக்கு நடுவில் நேர்கோட்டில் இடைமதிப்பு எடுக்க 2 பெருக்கல், சிக்னலோடு பெருக்க 4. டேப்புக்கு 6, மொத்தம் 24. சாம்பிள் வேகம் 122.88 மெகாஹெர்ட்ஸ், எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) க்ளாக் 245.76 என்றால் ஒரே பெருக்கியை இருமுறை பயன்படுத்தலாம். அப்போது 12 பெருக்கி போதும். படியை 7 ஆக்கினாலும் 9 ஆக்கினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. மாறுவது டேபிளுக்குள் எழுதும் எண்கள் மட்டுமே.

நினைவகமும் அழகாகப் பொருந்துகிறது. மெய்ப்பகுதிக்கு 18 பிட், கற்பனைப் பகுதிக்கு 18 பிட் என்று ஒரு வரிசைக்கு 36 பிட். 256 வரிசைக்கு 9,216 பிட். சைலிங்ஸ் எஃப்பிஜிஏவின் 18 கிலோபிட் பிளாக் ரேம் 512 வரிசை, 36 பிட் அகலம் என்று அமையும், அதாவது 18,432 பிட். நம் டேபிள் இரண்டு மிச்சமின்றி அதில் உட்காரும். ஒரு பாதி ஓடிக்கொண்டிருக்க, மறுபாதியில் புதிய டேபிளை எழுதி, முடிந்ததும் மாற்றிவிடலாம். அந்த மாற்றம் நான்கு டேப்பிலும் ஒரே க்ளாக்கில் நடக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் பழைய கெழுவும் புதிய கெழுவும் கலந்து, கண நேரம் ஸ்பெக்ட்ரம் சிதறும். இடைமதிப்புக்கு அண்டை வரிசையும் அதே க்ளாக்கில் தேவைப்படுவதால் ஒற்றை முகவரிகளையும் இரட்டை முகவரிகளையும் தனித்தனி பிளாக்கில் வையுங்கள்.

முகவரிக்கு வீச்சா, வீச்சின் வர்க்கமா? வர்க்கம் என்றால் வர்க்கமூலம் எடுக்கும் வேலை மிச்சம். உச்சத்துப் பக்கம் வரிசைகள் நெருக்கமாக அமைவதும் நல்லதே. ஆனால் 256 வரிசை டேபிளில் உச்சத்தின் பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே உள்ள வீச்செல்லாம், அதாவது 24 டெசிபலுக்குக் கீழே உள்ள அனைத்தும், முதல் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். காலியம் நைட்ரைடு ஆம்ப்ளிஃபையரின் கெயின் சிறிய வீச்சிலும் ஆடக்கூடியது. கார்டிக் முறையில் வீச்சையே எடுத்துவிடுவது மேல் என்பது என் கருத்து. அதற்குப் பெருக்கி வேண்டாம், கூட்டலும் நகர்த்தலும் போதும். முகவரி கடைசி வரிசையைத் தாண்டினால் கடைசி மதிப்பிலேயே நிறுத்திவிட வேண்டும். சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்குப் போக விட்டால் மிகப் பெரிய உச்சத்துக்கு மிகச் சிறிய வீச்சின் கெயின் விழும்.

டேபிள் முறையில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு சாம்பிளை அடுத்த சாம்பிளின் வீச்சோடு பிணைக்கும் குறுக்கு உறுப்புகள் தேவைப்பட்டால், அதற்கென ஒரு டேபிள் சேர்த்து, பழைய டேபிளின் விடையோடு கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கலாம். சிக்னலோடு செய்யும் பெருக்கலின் எண்ணிக்கை ஏறாது. இடைமதிப்புக்கு 2 மட்டும் ஏறும்.

இதெல்லாம் முன்பாதை. வேலை கெடுவது பெரும்பாலும், ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை டிபிடிக்குத் திரும்பக் கொண்டுவரும் ஃபீட்பேக் பாதையில். ஆம்ப்ளிஃபையர் வாயில் சிறு பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் 40 டெசிபல் டைரக்ஷனல் கப்ளர், அதன் பின் அளவைக் குறைக்கும் 20 டெசிபல் அட்டென்யுவேட்டர் போட்டால் ரிசீவருக்கு வரும் சராசரி மைனஸ் 20 டிபிஎம், உச்சம் மைனஸ் 12.5. ரிசீவரின் சொந்தத் திரிபு, நீங்கள் எட்ட நினைக்கும் அளவைவிட 10 டெசிபலாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிபிடி ரிசீவரின் திரிபையும் ஆம்ப்ளிஃபையரின் திரிபு என்றே நம்பி, அதற்கு எதிர்த்திரிபைக் காற்றில் அனுப்பும். கண்டுபிடிப்பது சுலபம்: ஃபீட்பேக் தரவில் எஃப்எஃப்டி (அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் தோள்கள் (சேனலின் இருபுறமும் எழும் கசிவு) சுத்தமாக இருக்கும், ஆன்டெனா பக்கம் ஸ்பெக்ட்ரம் அனலைசரை வைத்தால் தோள் நிமிர்ந்து நிற்கும். அப்போது கெழுக்களைத் தொடாதீர்கள். அட்டென்யுவேட்டரை 6 டெசிபல் கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது நேர ஒத்திசைவு. 122.88 மெகாஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் 8.14 நானோ விநாடி. 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇயின் ஓரம் நடுவிலிருந்து 9 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. அனுப்பியதும் திரும்பி வந்ததும் 1 நானோ விநாடி பிசகினால் அந்த ஓரத்தில் 3.2 டிகிரி ஃபேஸ் பிழை, அதாவது மைனஸ் 25 டெசிபல் பிழை. மைனஸ் 50 டெசிபலுக்கு இறங்க 56 பிகோ விநாடிக்குள் பொருந்த வேண்டும். டேப்கள் இதில் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையரைத் திருத்த வேண்டிய கெழுக்கள் தாமதத்தைத் திருத்துவதில் வீணாகும். செய்முறை இதுதான்: முழு சாம்பிள் தாமதத்தைக் கிராஸ் கோரிலேஷனில் (ஒன்றை நகர்த்தி மற்றதோடு ஒப்பிடுவது) எடுங்கள். பின்னத் தாமதத்துக்கு இரண்டு தரவுக்கும் எஃப்எஃப்டி போட்டு, ஒன்றை மற்றதன் இணைக் கலப்பெண்ணால் பெருக்கி, பிளஸ் மைனஸ் 9 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் ஃபேஸின் சரிவைப் பாருங்கள். அந்தச் சரிவுதான் தாமதம். கடைசியாக ஒரே கலப்பெண்ணால் கெயினையும் ஃபேஸையும் பொருத்துங்கள்.

கெழு கண்டுபிடிக்க மறைமுகக் கற்றல் முறையே எளிது. திரும்பி வந்த சிக்னலை உள்ளீடாகவும் ஆம்ப்ளிஃபையருக்குள் போனதை விடையாகவும் வைத்து மீச்சிறு வர்க்கத் தீர்வு எடுத்து, அதை அப்படியே முன்னால் நகலெடுப்பது. 16,384 சாம்பிள், 28 கெழு என்றால் அணியை நிரப்ப 66 லட்சம் கலப்பெண் பெருக்கல்-கூட்டல். சாதாரண ஆர்ம் கோர் சில பத்து மில்லி விநாடியில் முடித்துவிடும். வீச்சின் படிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் இந்த அணி எளிதில் நொண்டும், அதாவது சிறு பிழையும் விடையில் பெரிதாகும். 32 பிட் ஃப்ளோட்டில் தீர்க்காதீர்கள், 64 பிட் எடுங்கள், மூலைவிட்டத்தில் ஒரு சிறு எண்ணையும் கூட்டுங்கள். புதிய கெழுவை ஒரேயடியாகப் போடாமல், பழையதிலிருந்து பாதி தூரம் மட்டும் நகர்த்துங்கள்.

அதிகம் பேர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 16,384 சாம்பிள் என்பது 133 மைக்ரோ விநாடி, எல்டிஇயில் இரண்டு சிம்பல் கூட முழுதாக இல்லை. அந்த நேரத்தில் டிராஃபிக் குறைவாக இருந்தால் பிடித்த தரவில் பெரிய உச்சமே இருக்காது. பல்லுறுப்புக் கோவை தான் பார்க்காத வீச்சில் எங்கு வேண்டுமானாலும் ஓடும். டேபிளின் மேல் வரிசைகளில் குப்பை ஏறும், அடுத்த உச்சம் வந்ததும் ஒரு கணம் பக்கத்துச் சேனல் முழுக்க இரைச்சல். பிடித்த தரவின் உச்சம் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டெசிபலுக்கு மேல் குறைந்தால் அந்தத் தரவைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பழைய கெழுவே ஓடட்டும்.

நிலைப்பட்ட பிறகு ஓயாமல் புதுப்பிக்கத் தேவையில்லை. சூடு மாறுவது மெதுவாகத்தான், சில விநாடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடைப்பட்ட நேரத்தில் ஃபீட்பேக் ஏடிசியை (அனலாக்கை டிஜிட்டலாக மாற்றுவது) அணைத்து வைக்கலாம், அல்லது ஒரே ரிசீவரை ஸ்விட்ச் வழியாக நான்கைந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பகிரலாம். 64 ஆன்டெனா ரேடியோவில் கணிசமான மின்சாரம் மிச்சமாகும் இடம் இது.

டேப்பைக் கூட்டுவதற்கு முன் சுற்றையும் பாருங்கள். இரண்டு டோன் (ஒற்றை அதிர்வெண் சிக்னல்) கொடுத்து, இடைவெளியை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்தி, இருபுறமும் எழும் மூன்றாம் படி விளைவுகளை அளவிடுங்கள். ஏதோ ஓர் இடைவெளியில் இடதும் வலதும் உயரம் மாறினால், டிரெயின் பயஸ் வழியில் (டிரான்சிஸ்டருக்கு மின்சாரம் போகும் பாதை) அந்த அதிர்வெண்ணில் மின்மறுப்பு ஏறுகிறது என்று பொருள். டிரெயினுக்கு மிக அருகில் சரியான கெபாசிட்டர்கள் இருக்கின்றனவா, 10 மைக்ரோஃபாரட் தொலைவில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்யூட்டில் தீரும் நினைவை எஃப்பிஜிஏவில் காலம் முழுக்கப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்புவோர் ஏடி9361 சிப் உள்ள எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டு ஒன்றில் தொடங்கலாம். அதன் அலைவரிசை அகலம் 56 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்தால் ஐந்தாம் படித் திருத்தம் வெளியே போகவே வழியில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் எடுங்கள், ஐந்து மடங்கு 50, உள்ளே அடங்கும். அந்த சிப்பில் டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் தனித்தனி சிந்தசைசர் (அதிர்வெண் உருவாக்கும் சுற்று) என்பதால் ஒவ்வொரு முறை தரவு பிடிக்கும்போதும் ஃபேஸைப் புதிதாகப் பொருத்துங்கள். அட்டென்யுவேட்டரைப் போட்டு, அனலைசரில் அளவை உறுதிசெய்த பிறகே ரிசீவர் வாயில் கேபிளை மாட்டுங்கள். முதல் சுற்றிலேயே தோள்கள் பத்துப் பதினைந்து டெசிபல் இறங்க வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் இறங்காமல் நின்றால், கெழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டும் முன் தாமதத்தையும் அட்டென்யுவேட்டரையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.