கைபேசித் திரைக்கு வெப் பேஜ் செய்யப் படிப்பவர்களுக்கு: என் முதல் செய்முறைத் தேர்வும் அதன் பிறகு படித்த முறையும்

கல்லூரி முடித்துவிட்டு ஆறு மாதம் வீட்டிலிருந்தே வெப் டிசைன் படித்தேன். முதல் நேர்முகத்தில் எழுத்துத் தேர்வு இல்லை. ஒரு வடிவமைப்பைப் படமாகக் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் அதைப் பக்கமாகச் செய்யச் சொன்னார்கள். கணினி, கைபேசி இரண்டிலும் சரியாகத் தெரிய வேண்டும். நான் பிரவுசர் ஜன்னலை இழுத்து இழுத்துச் சுருக்கிப் பார்த்தேன். அருகருகே இருந்த மூன்று பெட்டிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன, மெனு மடங்கியது. நேரத்துக்கு முன்பே முடித்துக் கொடுத்தேன். தேர்வை நடத்தியவர் அதைத் தன் கைபேசியில் திறந்தார். கணினிப் பக்கம் அப்படியே சுருங்கி, எறும்பு எறும்பாய் எழுத்துகள் தெரிந்தன.

பக்கத்தை எந்த அகலத்தில் அடுக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் என்ற ஒரு வரியை நான் எழுதியிருக்கவில்லை. 2007-இல் ஐபோன் வந்தபோது இணையதளங்கள் பெரும்பாலும் கணினித் திரைக்காகவே செய்யப்பட்டிருந்தன. அவை உடையாமல் தெரிவதற்காக, ஐபோனின் பிரவுசரான சஃபாரி தன் அகலம் 980 பிக்சல் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கும். பிறகு மொத்தத்தையும் திரைக்குள் சுருக்கிவிடும். ‘கருவியின் அகலத்தையே எடுத்துக்கொள்’ என்று அந்த டேகில் சொல்லாதவரை இன்றும் அப்படித்தான். திரையின் அகலத்துக்கு ஏற்ப வடிவத்தை மாற்றும் கட்டளையான என் மீடியா குவரி, அகலம் 600 பிக்சலுக்குக் கீழே வரட்டும் என்று காத்திருந்தது. கைபேசியின் கணக்கில் அகலம் அதற்கு மேலேயே இருந்தது. கணினியில் ஜன்னலைச் சுருக்கும்போது இந்த டேகுக்கு வேலை கிடையாது, அதனால்தான் குறை கண்ணில் படவில்லை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் கைபேசி மோடைப் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அந்த வேலை கிடைக்கவில்லை. வருத்தம் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து, படிக்கும் வரிசையை மாற்றினேன்.

எந்த அகலத் திரைக்கும் பொருந்தும்படி பக்கம் செய்யும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற பெயரை வெப் வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010 மே மாதம் எழுதிய கட்டுரையில் வைத்தார். நெகிழும் கட்டமைப்பு, நெகிழும் படங்கள், மீடியா குவரி என்று அதற்கு மூன்று கூறுகள். என்னைப் போலப் பலரும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறோம். முதல் இரண்டையும் நன்றாகச் செய்தால் மீடியா குவரிக்கு மிச்சம் இருக்கும் வேலை கொஞ்சம்தான். அதனால் ஒரு மாதம் மீடியா குவரியே எழுதாமல் பழகினேன். பெட்டிகளை அடுக்கும் முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், அவற்றோடு சதவீத அகலம், அவ்வளவுதான். ஃப்ரீகோட்கேம்ப் தளத்தின் இலவசப் பாடத்தில் அப்போது ஐந்து செயல்திட்டங்கள் இருந்தன. ஐந்தையும் இப்படியே செய்தேன்.

தொடங்கும்போது 320 பிக்சல் அகலத்தில் தொடங்குங்கள். அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, அந்த அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது. 1280 பிக்சல் கணினித் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினாலும் அதே 320தான் வரும். ஆக, கண் பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் இதே உழைப்பு போய்ச் சேருகிறது. என் அம்மா கைபேசியில் எழுத்தளவைக் கூட்டித்தான் வைத்திருப்பார். அந்தக் கைபேசியில் காட்டாமல் இப்போது எந்தப் பக்கத்தையும் முடித்ததாக நினைப்பதில்லை.

320-இல் சரியானதும் ஜன்னலை மெல்ல அகலமாக்குங்கள். வரி படிக்க முடியாத நீளத்துக்குப் போகும் இடத்தில், அல்லது பெட்டிகளுக்கு இடையே வெறுமை தெரியும் இடத்தில் பிரேக்பாயிண்ட், அதாவது அடுக்கு மாறும் அகலத்தை, வையுங்கள். கைபேசி மாடல்களின் அகலங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பக்கம் பக்கவாட்டில் ஆடுவதுதான் அதிகம் அலைக்கழிக்கும். எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு அவுட்லைன் போட்டால் எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 100 சதவீதம் என்று கொடுக்காத படம் முதல் சந்தேகம். அடுத்தது ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் உறுப்பு: தன் உள்ளடக்கத்தைவிடக் குறுகுவதற்கு அது இயல்பாக ஒப்புக்கொள்ளாது. மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் என்று கொடுத்தால் குறுகும்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. பயிற்சியில் எல்லோரும் லத்தீன் மாதிரி உரையைத்தான் போட்டுப் பார்க்கிறோம். ‘சப்மிட்’ பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று மாற்றியதும், நிலையான அகலம் கொடுத்த பொத்தானிலிருந்து எழுத்து வெளியே வந்துவிடும். ‘பதிவிறக்கிக்கொள்ளலாம்’ மாதிரியான சொல் தலைப்பில் பெரிய எழுத்தில் வந்தால் குறுகிய திரையில் அடங்காது. ஓவர்ஃப்ளோ-ராப் கொடுத்துதான் மடக்க வேண்டும். மேலே புள்ளியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் என்பதால் வரி உயரத்தை 1.6-க்குக் குறையாமல் வைக்கிறேன். முதல் நாளிலிருந்தே தமிழ் உரையைப் போட்டுப் பழகுங்கள்.

படிவங்களில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும். அதற்காகப் பெரிதாக்கும் வசதியையே தடுத்துவிடாதீர்கள், எழுத்தைக் கூட்டுங்கள்.

சரி, உண்மையான கைபேசியில் எப்படிப் பார்ப்பது? கணினியையும் கைபேசியையும் ஒரே வைஃபையில் இணைத்து, பக்கத்தை உங்கள் கணினியிலிருந்தே அனுப்பும் ஒரு லோக்கல் சர்வரை ஓடவிட்டு, அதன் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கைபேசி பிரவுசரில் கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது நேர்முகத்தில், எட்டு நெடுவரிசை கொண்ட மதிப்பெண் அட்டவணையைக் கைபேசியில் எப்படிக் காட்டுவாய் என்று கேட்டார்கள். நெடுவரிசைகளை மறைப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. மதிப்பெண் பார்க்க வருபவருக்கு எந்தப் பாடத்தை மறைப்பது? அட்டவணையைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து, அந்தப் பெட்டி மட்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்து, மாணவர் பெயர் இருக்கும் முதல் நெடுவரிசையை நகராமல் ஒட்டிவைப்பேன் என்றேன். செய்து காட்டச் சொன்னார்கள். செய்து, முதலில் என் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அவர்களிடம் நீட்டினேன்.