சிங்கப்பூரில் அறை தேடுகிறீர்களா? தட்டி அடித்த அறை வேண்டாம்

முதுகலை படிக்க சிங்கப்பூர் வந்ததும் நான் எடுத்த இடத்தை அறை என்றே சொல்ல முடியாது. ஜூரோங் வெஸ்டில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடி) வீட்டின் ஹாலை பிளைவுட் தட்டியால் மறித்து, ஒரு கட்டிலும் மேசையும் போட்டிருந்தார்கள். மாதம் 550 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதே புளோக்கில் ஒழுங்கான அறைக்கு 900 கேட்டார்கள். தஞ்சாவூரில் அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக் கடன் நினைவுக்கு வந்தது, ஒத்துக்கொண்டேன். இரண்டாம் மாதக் கடைசியில், "சோதனைக்கு வர்றாங்களாம், மூணு நாள்ல காலி பண்ணிடும்மா" என்றார் வாடகை வாங்கியவர். முன்பணம் திரும்பி வரவில்லை. அவரே அங்கே வாடகைக்கு இருப்பவர்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அந்த அறையை வாடகைக்குக் கொடுக்க, கொடுப்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீவக வீட்டில் கழகம் கட்டிக்கொடுத்த படுக்கையறைகளை மட்டுமே வாடகைக்கு விடலாம். ஹாலைத் தடுத்து அறையாக்கக் கூடாது. உரிமையாளர் முன்கூட்டியே வீவகவிடம் அனுமதி வாங்கி, குடிவருபவர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிய வேண்டும். அறைகளை மட்டும் விடுகிறவர் அதே வீட்டில் குடியிருக்கவும் வேண்டும். வாடகைக்காரர் உள்வாடகைக்கு விடக் கூடாது. "பேர் ஏத்த வேண்டாம், மாசம் 100 வெள்ளி குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் பதியாமல் இருப்பவரை எந்த நேரமும் வெளியே அனுப்பலாம், கேட்க ஆளிருக்காது.

ஊரிலிருந்தே வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து டோக்கன் பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். முதல் இரண்டு வாரத்துக்கு லிட்டில் இந்தியா பக்கம் உரிமம் உள்ள ஹாஸ்டலில் படுக்கை எடுத்துக்கொண்டு, நேரில் போய்ப் பாருங்கள். யாரோ வீட்டில் இரண்டு வாரம் மட்டும் வாடகைக்கு இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம்; வீவக வீட்டில் குறைந்தது 6 மாதம், காண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) 3 மாதம் என்பது சட்டம்.

முகவர் வந்தால் அவருடைய பதிவு எண்ணை சிஇஏவின் (சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) பொதுப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. வீவக வாடகையில் முன்பணத்தையோ வாடகையையோ முகவர் கையால் வாங்கவே கூடாது. வீட்டுக்காரருக்கு நேரடியாக அனுப்புங்கள்.

ஒப்பந்தம் எழுதி 14 நாட்களுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான், மாதம் 900 வீதம் ஓராண்டுக்கு 43 வெள்ளி. இதை மிச்சம் பிடிக்காதீர்கள். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால், முன்பணத் தகராறை 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். என்னிடம் அன்று காட்ட ஒரு தாள்கூட இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் பூன் லே பக்கமும் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மாணவர்கள் கிளமெண்டி பக்கமும் தேடுவது வழக்கம். தள்ளிப் போனால் வாடகை குறையலாம். ஆனால் நள்ளிரவு வாக்கில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நின்றுவிடும், ஆய்வகத்தில் நேரமாகிறவர்கள் டாக்சிக்குக் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சமையல்தான் நம்மவர்கள் கேட்க மறப்பது. விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்றிருந்தால் பல வீடுகளில் நூடுல்ஸும் முட்டையும்தான். தாளிக்கலாமா, குக்கர் வைக்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அடுப்பில்லாத அறை எடுத்து மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால், வாடகையில் குறைத்ததெல்லாம் சாப்பாட்டில் போய்விடும். தங்கச்சிகளுக்கு இன்னொன்று: அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், குளியலறையை யாரோடு பகிர வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். முடிந்தால் இரவிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இரண்டாவதாக நான் எடுத்த அறைக்கு 850 வெள்ளி. வீட்டுக்கார ஆன்ட்டி முதல் நாளே என் ஸ்டூடன்ட் பாஸைக் கேட்டு வாங்கிப் பெயரைப் பதிந்து, வந்த அனுமதியைத் தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். அதன் பிறகுதான் முன்பணம் பற்றியே பேசினார்.